பதினொன்று எண்ணும் கை

அத்தியாயம் 14

"ரெக்கார்டிங்குக்கு நான் வரமாட்டேன்" என்று பட்டு சொல்லி இரண்டு நாள் ஆகியிருந்தது. சொன்னால் சொன்னதுதான் என்று வீட்டில் மற்ற இருவரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு செம்பாக்கம் வீட்டின் சமையலறையில் புளிக்காய்ச்சல் கொதிக்கும் வாசனை வந்தது. விஷ்ணுப்ரியா பல் தேய்த்தபடியே எட்டிப் பார்த்தாள். பெரிய குக்கர் அடுப்பில் ஏறியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய குக்கர்.

"யாருக்கும்மா இவ்ளோ?"

"பதினாறு பேருக்கு. உங்கப்பா கணக்கு சொன்னார். வயலின்காரா, அந்த டிரம்ஸ் பையன், மைக் வைக்கிற பொண்ணு, வேன் டிரைவர் எல்லாம் சேத்து."

"ஓட்டல்ல சொல்லியாச்சும்மா."

"வேண்டாம்னு திருப்பிச் சொல்லிடு. ஓட்டல் பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்னுட்டு எவன் கை ஒழுங்கா ஓடும்?" பட்டு திரும்பாமலே சொன்னாள். "நான் சங்கீதத்துக்கு வரலை. சாப்பாட்டுக்கு வரேன். பன்னெண்டே கால் மணிக்கு ஆட்டோல வந்து இறங்கறேன். நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்கோ."

விஷ்ணுப்ரியா வாய் நுரையைத் துப்பப் போனாள்.

குரோம்பேட்டையில் பொறியியல் கல்லூரி விரிவுரையாளர் வேலையை அவள் விட்டுவிட்டு பியானோவின் முன் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பட்டு மகளோடு மாவு புளித்ததைப் பற்றிப் பேசுவாள், தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசுவாள், இசையைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. விஷ்ணுப்ரியாவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசித்தாள்.

அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் எட்டு மாதமாக உருவானதுதான் 'ஒற்றைப்படை'. ஒரு ஜாஸ் ஆல்பம். ஐந்து உருப்படிகள். எதுவும் வழக்கமான நான்கு தட்டில் கிடையாது. ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று. அவற்றில் மூன்றுக்குப் பத்து தந்தி வாத்தியங்கள் வேண்டும். ஆறு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ.

அந்தப் பத்து பேரையும் சேர்த்துக் கொண்டு வருபவர் செல்லோ ஸ்ரீரங்கன். சினிமா ரெக்கார்டிங்கில் முப்பது வருஷம் வாசித்தவர். இன்று காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மட்டும்தான் அவருக்கு நேரம். மூன்று மணிக்கு வடபழனியில் வேறு ரெக்கார்டிங். திங்கட்கிழமை பத்து பேரும் சிங்கப்பூர் கிளம்புகிறார்கள். அங்கிருந்து வேறு ஊர்கள். திரும்ப டிசம்பர் ஆகிவிடும்.

அக்டோபரில் ஆல்பம் வெளிவர வேண்டும் என்றால், தந்தி வாத்தியங்கள் இன்றே பதிவாக வேண்டும். மூன்றும்.

*

பதிவு நடக்கும் இடம் அனகாபுத்தூரில் ஒரு பழைய தோல் கிடங்கு. தோல் போன பிறகு பல வருஷம் பூட்டிக் கிடந்ததை ஒலிப்பதிவுக்காரி ஜெயஸ்ரீ எடுத்து ஸ்டூடியோ ஆக்கியிருந்தாள். உயரமான கூரை. பத்து வயலின் வாசித்தால் சத்தம் மேலே போய்ச் சுற்றி, கனிந்து இறங்கும். நகரத்தில் இப்படி ஓர் இடம் கிடைக்காது என்று ஸ்ரீரங்கனே காலையில் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்.

ஒரே ஒரு குறை. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் இந்த மாதத்துக் காற்றுக்கு இந்தக் கூரைக்கு மேலாகத்தான் ஏறிப் போகும். கூரை தகரம்.

அதனால் அப்பா அச்சுதனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ரயில்வேயில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஜெயஸ்ரீயின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைபேசியில் விமானங்களைப் பார்த்து, எப்போது வானம் காலி என்று சொல்ல வேண்டும். இதை அவர் மிகவும் பொறுப்பாகச் செய்தார்.

"கோயமுத்தூர் கிளம்பிடுத்து. இன்னும் நாப்பது செகண்ட்ல தலைக்கு மேல. அதுக்கப்புறம் ஆறு நிமிஷம் லைன் கிளியர்."

"அங்கிள், கொழும்பு?" என்பாள் ஜெயஸ்ரீ.

"கொழும்பு லேட். கொழும்பு எப்பவுமே லேட்."

ஐந்து தட்டு உருப்படி பத்து மணிக்குள் முடிந்தது. ஏழு தட்டு பதினொன்றுக்குள் முடிந்தது. ஸ்ரீரங்கன் வில்லுக்குப் பிசின் தேய்த்தபடி, "பரவால்லையே, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிடுவே போல இருக்கே" என்றார்.

பிறகு பதினொன்று வந்தது.

ஆறு நிமிஷ உருப்படி. மெதுவாகத் தொடங்கி, ஏரிமேல் தூறல் வலுப்பது போல, யாருக்கும் தெரியாமல் வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டும். விஷ்ணுப்ரியா பியானோவில். டிரம்ஸ் வாசிக்கும் விக்கி பக்கத்து அறையில், கதவு சாத்தி. தந்தி வாத்தியக்காரர்களுக்குக் காதில் ஹெட்போன் மட்டும்தான். வழக்கமாக வேகத்தைக் காட்ட அதில் கேட்கும் 'டக் டக்' என்ற க்ளிக் கிடையாது.

முதல் தடவை, இரண்டாவது நிமிஷத்தில் வயோலாக்கள் வழி தவறின. இரண்டாம் தடவை, மூன்றாவது நிமிஷத்தில் வயலின்களில் பாதி ஒரு தட்டு முன்னால் போய்விட்டது. மூன்றாம் தடவை கிட்டத்தட்ட கடைசி வரை வந்து, கடைசியில் எல்லாரும் ஆளுக்கொரு இடத்தில் முடித்தார்கள்.

ஸ்ரீரங்கன் ஹெட்போனைக் கழற்றினார்.

"அம்மா, க்ளிக் குடுத்துடு. பதினொண்ணு என்ன, நாப்பத்தொண்ணு வாசிக்கறோம்."

"க்ளிக் வெச்சா செத்துடும் சார்."

ஜெயஸ்ரீ ஒலிபெருக்கியில் வந்தாள். "வேகம் ஏர்ற மாதிரியே க்ளிக் செட் பண்ணித் தரவா ப்ரியா?"

"அது ஏறாது ஜெயா. இழுத்துண்டு போகும். எல்லாரும் சேர்ந்து மூச்சு விடற மாதிரி இருக்கணும்."

பக்கத்து அறைக் கதவைத் திறந்து விக்கி தலையை நீட்டினான். கோவளம் குப்பத்துப் பையன். அம்மா மீன் விற்கிறாள். கோயில் திருவிழா மேளத்தில் தொடங்கி, யாரிடமும் போய்க் கற்காமல், டிரம்ஸுக்கு வந்தவன்.

"அக்கா, நான் இன்னா சொல்றேன்னா, அவங்களுக்கு நான் தெரியல, நீ முதுகைக் காட்டிகினு கீற. கண்ணைக் கட்டி கடல்ல வுட்ட மாதிரி கீது அவங்களுக்கு."

"நானே வாசிச்சுண்டு நானே கையும் காட்ட முடியாதுடா."

"அதான் பேஜாரு."

மணி பன்னிரண்டே கால். வெளியே ஆட்டோ வந்து நின்றது.

*

பட்டு இரண்டு பெரிய தூக்கு, ஒரு அண்டா, ஒரு கட்டு வாழை இலையோடு இறங்கினாள். அவற்றை வைக்க இடம் இருந்தது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மட்டும்தான். வைத்து முடித்தபோது அங்கே ஜெயஸ்ரீக்கும் அச்சுதனுக்கும் புளியோதரைக்கும் போக இன்னொருவருக்கு இடமில்லை.

"ஏன்னா, நான் எங்க உக்கார்றது?"

"உள்ள போய் உக்காரு. செல்லோ பக்கத்துல சுவரோரமா ஒரு நாற்காலி காலியா இருக்கு. பேசாதே, இருமாதே, செல்போனை அணைச்சுடு."

"நான் எதுக்கு இருமறேன்?"

"சீக்கிரம். டெல்லி போயிடுத்து. எட்டு நிமிஷம் லைன் கிளியர்!"

விஷ்ணுப்ரியாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கண்ணை மூடி, முதல் சுரத்தில் விரலை வைத்தாள்.

இந்தத் தடவை ஏதோ நடந்தது. ஒரு நிமிஷம் கடந்தது. இரண்டு கடந்தது. வயோலாக்கள் நிலைத்து நின்றன. மூன்றாவது நிமிஷத்தில் வேகம் ஏறத் தொடங்கியபோது பத்து பேரும் ஒரே ஆளாக ஏறினார்கள். விக்கி துடுக்காக ஒரு தட்டு தட்டினான், அதற்கு வயலின்கள் தாமாகவே பதில் தந்தன. ஐந்தாவது நிமிஷத்தில் தகரக் கூரை முழுவதும் இசை நிரம்பி, கடைசித் தட்டில் எல்லாரும் சேர்ந்து வந்து விழுந்தார்கள். சத்தம் மேலே போய்ச் சுற்றி, மெல்ல அடங்கியது.

அப்புறம் ஸ்ரீரங்கன் வில்லால் தன் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். வயலின்காரர்கள் கை தட்டுவது அப்படித்தான்.

"இதான்மா!" என்றார் ஸ்ரீரங்கன்.

விக்கி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து பியானோவின் மேல் ஓங்கித் தட்டினான். "அக்கா! பின்னிட்டாங்கக்கா!"

கண்ணாடிக்குப் பின்னால் ஜெயஸ்ரீ மட்டும் சிரிக்கவில்லை. ஒரு காதில் ஹெட்போனை அழுத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

"ப்ரியா, ஒரு நிமிஷம் உள்ள வரியா? விக்கி, நீயும்."

*

"செல்லோ மைக்கை மட்டும் போடறேன். கேளு."

செல்லோவின் தடித்த குரல். அதற்கு மேலே, மெல்லியதாக, 'ணிங்'.

சற்று நேரம் கழித்து இன்னொரு 'ணிங்'. உடனே இன்னொன்று.

"முழுசா இருக்கு," என்றாள் ஜெயஸ்ரீ. "முதல்லேர்ந்து கடைசி வரைக்கும். மேல வயலின் மைக்லயும் ஏறியிருக்கு. எடுக்க முடியாது."

விக்கி குனிந்து தொடையில் தட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"அக்கா, இது சும்மா சத்தம் இல்ல. ஒண்ணு, எட்டு, பத்து. ஒண்ணு, எட்டு, பத்து. ஒரு சுத்து கூட வுடல. யாரோ தாளம் போட்டுகினு கீறாங்க." இன்னும் கொஞ்சம் கேட்டான். "கரீட்டா போடுறாங்கக்கா. என்னை வுட கரீட்டு."

மூன்று பேரும் கண்ணாடி வழியே பார்த்தார்கள். செல்லோவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக, மடியில் கைப்பையோடு, பட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கையில் ஒரு டஜன் கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்புமாக. போன வாரம் ஆடிப்பூரத்துக்கு அம்மன் சன்னதியில் கொடுத்தது.

"அம்மா எப்ப உள்ள வந்தா?" என்றாள் விஷ்ணுப்ரியா.

அச்சுதன் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான் அனுப்பினேன். இருமக்கூடாதுன்னு சொன்னேன். வளையலைப் பத்தி எனக்குத் தோணலை."

மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

விஷ்ணுப்ரியா கூடத்துக்குப் போனாள். அம்மாவின் முன் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அம்மா, வளையல் சத்தம் பதிவாகியிருக்கு."

"எந்த வளையல்? நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்."

"தாளம் போட்டிருக்கேம்மா."

பட்டு தன் வலது கையைப் பார்த்தாள். அதைக் கைப்பைக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது. "அய்யோ, கெடுத்துட்டேனா? நான் வெளிய போறேன். இலையெல்லாம் அலம்பி வைக்கறேன்."

மகள் வாயெடுப்பதற்குள் எழுந்து போயும்விட்டாள்.

ஐந்தாவது தடவை நாற்பது வினாடிகூடத் தாங்கவில்லை. வயோலா போயிற்று. பின்னாலேயே இரண்டு வயலின் போயிற்று. ஸ்ரீரங்கனே நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றார். கொஞ்சம் தயங்கினார். "அந்த அம்மாவை வெளிய அனுப்பிட்டியா?"

"ஆமா சார். வளையல் சத்தம்..."

"அனுப்பினது தப்பு. போன தடவை நாங்க எல்லாரும் அவங்க கையைப் பாத்துதான் வாசிச்சோம்."

"கையையா சார்?"

"நெஜமாத்தான் சொல்றேன். முதல் சுத்துலயே பாத்தேன். ஒரு தட்டு, ஆறு விரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. கடிகாரம் மாதிரி. நான் பாக்கறதைப் பாத்து வயோலாவும் பாத்தாங்க. வயோலாவைப் பாத்து வயலின். வேகம் ஏறும்போது அவங்க கையும் உன் பியானோவோட ஏறுது, நீ எங்க ஏறுவேன்னு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி." அவர் சிரித்தார். "யாரும்மா அவங்க? எங்க வாசிக்கறாங்க?"

"எங்கம்மா சார்."

"அப்ப கூப்பிடு. நாங்க ஒரு மணிக்கு எழுந்திருக்கணும்."

*

பட்டு வாசல் குழாயில் மூன்றாவது இலையை அலம்பிக்கொண்டிருந்தாள். விஷ்ணுப்ரியா பக்கத்தில் போய் நின்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"என்ன?"

"பதினொண்ணு."

"இதுல என்னடி இருக்கு? மிஸ்ர ஜாதி திரிபுட தாளம். ஏழு, ரெண்டு, ரெண்டு. கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம் பாட்டு கத்துண்டதுல இது ஒண்ணாவது மிஞ்சாதா? நீ என்னமோ அமெரிக்காலேர்ந்து இறக்கின மாதிரி பதினொண்ணு பதினொண்ணுன்னு அப்பாகிட்ட பீத்திக்கறே."

"வேகம் எங்க ஏறும்னு?"

பட்டு இலையைத் திருப்பிப் போட்டு அலம்பினாள். "எட்டு மாசமா சுவத்துக்கு அந்தப் பக்கம் கீரை ஆயறேன். அதையே திரும்பத் திரும்ப வாசிக்கறே. கை தானா போடறது. போன மாசம் நடுவுல ஒண்ணு மாத்தினயே, அது எனக்குப் பிடிக்கலை. அப்பறம் நீயே பழையபடி வெச்சுட்டே."

"ஏம்மா சொல்லலை?"

"கதவைச் சாத்திண்டு வாசிக்கறவகிட்ட போய் என்ன சொல்றது?"

"உனக்குப் பிடிக்கலைன்னுதானே சாத்தினேன்!"

"சாத்தினதுதான் பிடிக்கலை."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. விஷ்ணுப்ரியா எட்டி அதை மூடினாள். பிறகு ஈரக்கையோடு நின்ற அம்மாவைத் தோளோடு பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். பட்டு, "விடுடி, புடவை நனையறது," என்றாள். ஆனால் நகரவில்லை.

கிடங்கின் உள்ளிருந்து அச்சுதனின் குரல் வந்தது. "பன்னெண்டு நாப்பத்தஞ்சு! ஹைதராபாத் ஏழு நிமிஷத்துல போறது, அதுக்கப்பறம் கொழும்பு. கொழும்புக்கு முன்னாடி ஒரே ஒரு எட்டு நிமிஷம்தான்!"

*

வளையலைக் கழற்ற மாட்டேன் என்று பட்டு தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"அம்மன் வளையல். தானா உடையற வரைக்கும் கையில இருக்கணும். கேக்காதீங்கோ."

"கேக்கல மாமி," என்றான் விக்கி. "நீங்க கையைக் காட்டுங்க."

டிரம்ஸின் மேல் போட்டு வைக்கும் பழைய துண்டு ஒன்றை எடுத்து வந்தான். பன்னிரண்டு வளையலையும் முழங்கைப் பக்கமாக ஒவ்வொன்றாக நகர்த்தி, இறுகப் பிடித்த இடத்தில் துண்டைச் சுற்றி, மேலே டேப் ஒட்டினான். மடியில் ஒரு தலையணை வைத்தான்.

"டிரம் ஓவரா கத்துச்சுன்னா இதே மாதிரிதான் கட்டுவேன் மாமி. இதே வைத்தியம்தான்."

"என்னைப் பாத்தா டிரம் மாதிரியா இருக்கு?"

"சேச்சே. டிரம் இவ்ளோ கரீட்டா பேசாது."

வயலின் வரிசை முழுவதும் சிரித்தது. ஸ்ரீரங்கன் எழுந்து, சுவரோரம் கிடந்த நாற்காலியைத் தானே தூக்கி நடுவில் போட்டார். பத்து பேரும் தங்கள் நோட்டு ஸ்டாண்டை அதைப் பார்த்தபடி திருப்பிக்கொண்டார்கள்.

"இங்கயா? எல்லாருக்கும் நடுவுலயா?" பட்டு மகளைப் பார்த்தாள். முதல் முறையாக அவள் குரலில் பயம் தெரிந்தது. "தப்பா போட்டுட்டா?"

"கீரை ஆயறதா நினைச்சுக்கோ," என்றாள் விஷ்ணுப்ரியா.

ஹைதராபாத் விமானம் கூரையை அதிரவைத்துப் போனது. சத்தம் தேய்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அச்சுதன் எழுந்து நின்று, பச்சைக் கொடி காட்டுவது போலத் தன் கைக்குட்டையை ஆட்டினார். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

விஷ்ணுப்ரியா பியானோவைக் கொஞ்சம் திருப்பச் சொல்லியிருந்தாள். இப்போது அவளுக்கும் அம்மாவின் கை தெரிந்தது.

பட்டு கண்ணை மூடிக்கொண்டாள். கை விழுந்தது.

ஆறு நிமிஷமும் அவள் கண் திறக்கவில்லை. கை மட்டும் சத்தமில்லாமல் தலையணைமேல் விழுந்து, விரல் விட்டு, திரும்பி, விழுந்தது. இசை ஏற ஏற அவள் உடம்பு லேசாக முன்னால் சாய்ந்தது. வயோலா வரிசையில் பெரிய மீசை வைத்த ஒருவர் நோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். நாலாவது நிமிஷத்தில் விஷ்ணுப்ரியா எழுதி வைக்காத ஒரு வரியை வாசித்தாள். அதற்கு முன் அது எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. கை அதற்கும் இடம் விட்டுக் காத்திருந்தது.

கடைசித் தட்டில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். சத்தம் கூரையில் சுற்றி அடங்கியது. ஜெயஸ்ரீ இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டும்வரை ஒருவரும் மூச்சு விடவில்லை.

காட்டிய அடுத்த நொடி, கொழும்பு விமானம் தலைக்கு மேல் இடியாகப் போனது. பத்து பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள்.

"வாழ்க்கையில முதல் தடவையா கொழும்பு நேரத்துக்கு வந்திருக்கு," என்றார் அச்சுதன்.

*

பந்தி கிடங்கு வாசலிலேயே நடந்தது. "ஒரு துண்டு வஞ்சிரம் இருந்தா கச்சேரி முழுசா ஆயிருக்கும் மாமி," என்ற விக்கிக்குப் பட்டு கோபமே படாமல் இரண்டாவது முறை அப்பளம் போட்டாள். அவள் முழங்கையில் துண்டுக் கட்டு அப்படியே இருந்தது. அவிழ்க்க மறந்துவிட்டாள் போலிருந்தது. கேட்டவர்களிடம், "இருக்கட்டுமே, என்ன அவசரம்?" என்றாள்.

ஒன்றே முக்காலுக்குத் தந்தி வாத்தியக்காரர்களின் வேன் சந்தில் பின்பக்கமாகவே நகர்ந்து, ஒருவழியாகப் பெரிய தெருவுக்குப் போய்ச் சேர்ந்தது. போகும்போது ஸ்ரீரங்கன் ஜன்னல் வழியே கும்பிட்டார். விஷ்ணுப்ரியாவை இல்லை.

இரண்டு மணிக்கு ஜெயஸ்ரீ மூன்று உருப்படிகளையும் வரிசையாகப் போட்டாள். நல்ல நாற்காலியில் பட்டு உட்கார்ந்தாள். மற்றவர்கள் அண்டாவுக்கும் தூக்குக்கும் நடுவில் நின்றார்கள்.

ஐந்து தட்டுக்குத் தலையை ஆட்டினாள். ஏழு தட்டின்போது நடுவில் ஓரிடத்தில் புருவம் சுருங்கியது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டு எதையோ எண்ணின. பதினொன்றை மறுபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் விஷ்ணுப்ரியா அவள் முகத்தையே பார்த்தாள். எட்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரு சொல் வேண்டியிருந்தது.

"நன்னா இருக்குடி," என்றாள் பட்டு.

விஷ்ணுப்ரியா நாற்காலியின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆனா அந்த ரெண்டாவதுல ஒரு சுத்து குறையறதே."

"என்னம்மா?"

"ஒரே வரி திரும்பத் திரும்ப வருமே, ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமா பெருசாகிண்டு. ஆத்துல எட்டு தடவை வாசிப்பே. இங்க ஏழுதான் வந்தது."

அந்த இடத்தில் முதல் சுற்றில் மூன்று பேர் வாசிப்பார்கள். பிறகு சுற்றுக்கு ஒருத்தராகச் சேர வேண்டும். எட்டாவது சுற்றில் பத்தாவது ஆள் சேர்ந்து, பத்து பேரும் முழங்க வேண்டும். பியானோவிலிருந்து தலை அசைத்ததும் அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். தலை அசைக்க வேண்டியவள் விஷ்ணுப்ரியா.

ஜெயஸ்ரீ அந்த இடத்துக்குப் போனாள். எல்லாரும் விரலை நீட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழு.

"ஒரு சுத்து முன்னாடியே தலையை ஆட்டிட்டேன்," என்றாள் விஷ்ணுப்ரியா மெதுவாக. "பத்தாவது யார்?"

"ரெண்டாவது வயோலா." ஜெயஸ்ரீ அந்த மைக்கை மட்டும் போட்டாள். நிசப்தம். வில்லைத் தூக்கும் சரசரப்பு. ஆள் மூச்சை இழுத்துத் தயாராகும் சத்தம். அப்புறம், மற்ற எல்லாரும் அடுத்த பகுதிக்குத் தாவிய நொடியில், மிகப் பரிதாபமாக ஒரு "ப்ச்."

விக்கி தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்தது. "ஒரு சான்ஸு! அந்தாளுக்கு ஒரே ஒரு சான்ஸு!"

"மூணு தரம் ரசம் வாங்கிண்டாரே, அந்த மீசைக்காரரா?" என்றாள் பட்டு. "பாவம், ஒரு வார்த்தை சொல்லலையே."

"முந்தின சுத்தைக் காப்பி பண்ணி ஒட்டிடலாமா?" என்றாள் ஜெயஸ்ரீ.

"அதுல ஒன்பது பேர்தான் இருக்கா. பத்தாவது ஆள் எங்கேர்ந்து வருவார்?" விஷ்ணுப்ரியா தலையைக் கையில் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் நின்றபாடில்லை. "போகட்டும். ஏழே இருக்கட்டும். யாருக்கும் தெரியப்போறதில்லை."

"எனக்குத் தெரியறதே," என்றாள் பட்டு.

"அம்மா, அவா திங்கட்கிழமை சிங்கப்பூர் போறா. இப்ப வடபழனி போயிண்டிருக்கா."

"மூணு மணிக்குத்தானே அங்க? இங்க ரெண்டு நிமிஷ வேலை." பட்டு கையை நீட்டினாள். "ஏன்னா, அந்த செல்லோக்காரர் நம்பரைப் போடுங்கோ."

அச்சுதன் ஒருமுறை மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷக் குடும்ப வாழ்க்கையில் எந்த சிக்னலை மதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மகளின் கைபேசியில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டார்.

இரண்டு முறை மணி அடித்தது. பிறகு ஹாரன் சத்தங்களுக்கு நடுவில் ஸ்ரீரங்கனின் குரல் கேட்டது. "சொல்லும்மா ப்ரியா. கத்திப்பாராகிட்ட வந்துட்டோம்."

பட்டு கைபேசியை வாயருகே கொண்டுபோனாள்.

"ப்ரியா இல்லை, நான் பட்டு பேசறேன்," என்றாள். "வண்டியைத் திருப்புங்கோ."